இரண்டு நோன்பும் 14,449 ரூபாயும்

எங்கள் வீட்டில் பிள்ளையார் நோன்பு இரவு இழை எடுக்கும்போது வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், மின்விளக்கு எதுவும் எரியாது. ஊரில் எல்லா வீட்டிலும் அப்படி இல்லை, எங்கள் ஐயா, அதாவது தாத்தா, வைத்த பழக்கம். கார்த்திகை தீபத்திலிருந்து 21ஆம் நாள், 21 நூலைச் சேர்த்துத் திரித்த இழையை இழைமாவில் (அரிசி மாவும் வெல்லமும் சேர்த்துப் பிசைந்தது) வைத்து, நெய்யில் ஏற்றி, வீட்டில் மூத்தவர் ஒவ்வொருவருக்கும் எடுத்துக் கொடுப்பார். சுடரோடு அப்படியே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். மொத்தம் இரண்டு விநாடி. அந்த இரண்டு விநாடியைப் படம் பிடிக்கத்தான் நான் கேமரா வாங்கக் கிளம்பினேன். அதற்கு எனக்கு இரண்டு நோன்பும் 14,449 ரூபாயும் செலவானது. ஒரு பாத்திரக் கடையில் கணக்கு எழுதுகிறவன் நான். ஐந்து ரூபாய் இடித்தால் ராத்திரி உட்கார்ந்து தேடுகிறவன். அதனால் இதை எழுதவே கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

அவசரம் ஏன் என்றால், அப்பச்சிக்கு 81 ஆகிவிட்டது. (எங்கள் பக்கம் அப்பாவை அப்பச்சி, அம்மாவை ஆத்தா என்போம்.) பள்ளத்தூரில் இருக்கும் வீட்டுக்குப் பதினோரு பங்கு. விற்றுவிடலாம் என்ற பேச்சு மூன்று வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. விற்றால் வாங்குகிறவர் வீட்டை வீடாக வைத்துக்கொள்வார் என்று சொல்ல முடியாது. பர்மாத் தேக்குத் தூண் ஒரு லாரியிலும் நிலைக்கதவு இன்னொரு லாரியிலும் போகும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகளைத் தாண்டி நடக்கும்போதெல்லாம் யார் வீட்டுக் கதவோ என்று தோன்றும். அந்தத் தெருவில் எங்கள் கதவைப் பார்ப்பதற்கு முன்னால், வீடு இருக்கிறபடியே, ஆள் இருக்கிறபடியே எடுத்துவைக்க வேண்டும் என்று நினைத்தேன்.

போனில் எடுக்கக்கூடாதா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. எடுத்தேன். முதல் நோன்புக்குப் போன்தான். இருட்டில் போன் என்ன செய்கிறது என்றால், ஒரே படத்தை எடுக்காமல் பல படங்களை வரிசையாக எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிச் சேர்க்கிறது. அசையாத தூணுக்கு அது அருமையாக வேலை செய்யும். கை வாயை நோக்கிப் போய்க்கொண்டிருந்தால்? அப்பச்சிக்கு மூன்று கை வந்திருந்தது. நடுவில் சம்பந்தி வீட்டிலிருந்து அழைப்பு வேறு. ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பகல் வெளிச்சத்தில் பிள்ளைகள், கோயில், பயணம் என்று எடுக்கத்தான் கேமரா தேடுகிறீர்கள் என்றால் உங்கள் போனே போதும், இதற்கு மேல் படிக்க வேண்டாம். இருட்டு, அசைவு, தூரம் இந்த மூன்றில் ஏதாவது ஒன்று உங்களை இடித்தால்தான் தனிக் கேமராவுக்கு அர்த்தம். எந்த இடத்தில், எந்த நேரத்தில், எதை எடுக்கப் போகிறேன் என்று ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு வாங்கப் போயிருந்தால் நான் பிழைத்திருப்பேன். நான் எழுதிக்கொண்டதோ பட்ஜெட்டை மட்டும்தான்.

அடுத்த வருஷம் தீபாவளித் தள்ளுபடியில் இணையத்தில் ஒரு புதுக் கேமரா கண்ணில் பட்டது. 48 மெகாபிக்சல், 16 மடங்கு ஜூம், கூடவே பை, கார்டு எல்லாம் சேர்த்து 5,799 ரூபாய். 48 என்ற எண்ணைப் பார்த்ததும் மற்றது எதையும் பார்க்கவில்லை. பெட்டி வந்தது. வந்த அன்று அஷ்டமி. ஆத்தா வாங்கி சாமி அலமாரியில் வைத்துவிட்டு, நல்ல நாள் பார்த்துப் பிரிப்போம் என்றாள். நல்ல நாள் பன்னிரண்டு நாள் கழித்து வந்தது. திருப்பி அனுப்பும் கெடு ஏழு நாள். இதில் ஆத்தாவைக் குறை சொல்ல மாட்டேன். பெட்டியின் மேல் இருந்ததைப் படிக்காதவன் நான்தான். இணையத்தில் எது வாங்கினாலும் வந்த அன்றைக்கே பிரித்து, அன்றைக்கே இருட்டு அறையில் இருபது படம் எடுத்து, அன்றைக்கே கணினியில் பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள். பூஜையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

பிரித்துப் பார்த்தபோது லென்ஸ் முன்னே பின்னே நகரவே இல்லை. 16 மடங்கு என்பது டிஜிட்டல் ஜூம். அதாவது எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டி ஊதிக் காட்டுவது. அதை வீட்டில் கத்தரிக்கோல் வைத்தே செய்துகொள்ளலாம். கண்ணாடி நகர்ந்து கிட்டத்தில் கொண்டுவருவதற்கு ஆப்டிகல் ஜூம் என்று பெயர். அந்த வார்த்தை பெட்டியில் எங்கேயும் இல்லை. 48 மெகாபிக்சலும் (ஒரு மெகாபிக்சல் என்றால் பத்து லட்சம் புள்ளி) அதே கதைதான். கோப்பின் அளவு 8000க்கு 6000 புள்ளி என்றுதான் காட்டியது, பொய் இல்லை. ஆனால் பெரிதாக்கினால் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லின் பூ வேலைப்பாடு முழுக்க ஈரத்தில் கரைந்த கோலம் மாதிரி இருந்தது. உள்ளே இருக்கும் சிறிய சென்சார் (வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் சில்லு) பார்த்ததை மென்பொருள் இழுத்து நீட்டி 48 ஆக்கியிருக்கிறது. மாவைத் தண்ணீர் விட்டுப் பெருக்கினால் தோசை எண்ணிக்கை கூடும், அவ்வளவுதான்.

மெகாபிக்சல் எவ்வளவு வேண்டும் என்று அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அச்சில் ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி இருந்தால் கண்ணுக்குக் குறை தெரியாது. 4க்கு 6 அங்குலப் படத்துக்கு 1200க்கு 1800, அதாவது 2 மெகாபிக்சலுக்குச் சற்று மேல். சுவரில் மாட்டும் 8க்கு 12 அளவுக்கு 2400க்கு 3600, அதுவே 9 மெகாபிக்சல்கூட இல்லை. நம்மில் எத்தனை பேர் அதைவிடப் பெரிதாகப் பிரிண்ட் போடப் போகிறோம்? இந்தக் கணக்கை வாங்கும் முன் போட எனக்குக் கால் மணி நேரம் பிடித்திருக்கும்.

நோன்புக்கு ஒரு வாரம்தான் இருந்தது. பதற்றத்தில் இருப்பவனுக்குப் பொருள் விற்பது சுலபம். கல்யாணங்களுக்குப் படமெடுக்கும் ஒருவரிடம் உதவியாளாக இருந்த பையன் பழைய டிஎஸ்எல்ஆர் (லென்ஸைக் கழற்றி மாற்றும் பெரிய கேமரா) ஒன்றை 16,500க்குத் தருகிறேன் என்றான். 18-55 என்ற ஜூம் லென்ஸ், பை, சார்ஜர். கையில் வாங்கினால் கனம், ஷட்டர் சத்தம் கேட்டாலே ஒரு மரியாதை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டீக்கடை வாசலில் பட்டப்பகலில் நாலு படம் எடுத்துக் காட்டினான். பட்டப்பகலில் எந்தக் கேமராவும் நல்ல கேமராதான். காசைக் கொடுத்துவிட்டேன்.

நோன்பு இரவு. தானியங்கியில் வைத்திருந்தேன், வெளிச்சம் போதவில்லை என்று அதுவாகவே ஃப்ளாஷைத் தூக்கியது. எங்கள் வளவுச் சுவர் முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் கலந்து பூசித் தேய்த்தது, முகம் பார்க்கலாம். அந்தச் சுவரில் ஃப்ளாஷ் பட்டு, அப்பச்சியின் தலைக்குப் பின்னால் இன்னொரு சூரியன். இழைச் சுடர் இருந்த இடமே தெரியவில்லை. சின்னப் பிள்ளைகள் கண்ணைக் கசக்கினார்கள். அப்பச்சி திரும்பிப் பார்த்து, "விளக்கை அணைச்சதே எதுக்குன்னு தெரியுமாப்பா?" என்று மட்டும் கேட்டார். ஃப்ளாஷை அழுத்தி மூடிவிட்டு, தள்ளி நின்று ஜூம் செய்து எடுத்தேன். எல்லாம் கலங்கல். சுடரைச் சுற்றிப் பனிக்காலத்துத் தெருவிளக்கு மாதிரி ஒரு வெள்ளை வட்டம்.

கலங்கலுக்குக் காரணம் பாதி நான், பாதி லென்ஸ். லென்ஸின் மேல் எஃப் என்று போட்டு ஓர் எண் இருக்கும். அதுதான் கண்ணாடி எவ்வளவு வாய் திறக்கும் என்பது. எண் சிறியதாக இருந்தால் வாய் பெரியது. என் லென்ஸில் 3.5-5.6 என்று இருந்தது. ஜூம் செய்யாமல் கிட்டப் போனால் 3.5, முழுக்க இழுத்தால் 5.6. எஃப் 2 லென்ஸோடு ஒப்பிட்டால் எஃப் 5.6 உள்ளே விடுவது எட்டில் ஒரு பங்கு வெளிச்சம்தான். எஃப் 2 ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்கு நேரத்தில் எடுத்துவிடும் படத்துக்கு இது கால் நொடி கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். கால் நொடியில் அப்பச்சி இழையை விழுங்கியே விடுவார். அந்தக் கேமராவின் சென்சார் பெரியதுதான். ஆனால் அதன் முன்னால் இருந்த கண்ணாடி கஞ்சன். கிட்டப் போய் எடுத்திருந்தால் ஒருவேளை தப்பித்திருப்பேன். ஜூம் செய்யச் செய்ய வெளிச்சம் குறையும் என்று அன்று வரைக்கும் எனக்குத் தெரியாது.

வெள்ளை வட்டத்துக்குக் காரணம் வேறு. பொங்கல் கழிந்து மதுரைக்குக் கொண்டுபோய்க் காட்டியபோது, ரிப்பேர் செய்கிறவர் என் போனின் டார்ச்சையே வாங்கி, லென்ஸின் பின்பக்கமாகப் பிடித்து, முன்பக்கத்திலிருந்து என்னைப் பார்க்கச் சொன்னார். உள்ளே சிலந்தி வலை மாதிரி வெள்ளை நூல் நூலாகப் படர்ந்திருந்தது. பூஞ்சைக்காளான். ஈரமான இடத்தில் பையிலேயே பூட்டிவைத்தால் வந்துவிடும். கழற்றிச் சுத்தம் செய்ய 2,500 ஆகும், கண்ணாடிப் பூச்சை அது தின்றிருந்தால் தழும்பு போகாது என்றார். மறுபடியும் ஒருமுறை போய் விசாரித்துவிட்டு விட்டுவிட்டேன். வாங்கும்போதே டீக்கடை வாசலில் பத்து விநாடி டார்ச் அடித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அந்தப் பத்து விநாடி இன்றைக்கும் ராத்திரியில் ஞாபகம் வரும். பழைய லென்ஸ் எது கையில் வந்தாலும் முதலில் டார்ச், பிறகுதான் விலை.

சரி, பகலிலாவது வீட்டை எடுத்து வைப்போம் என்று சித்திரையில் நாலு நாள் லீவு போட்டுப் பள்ளத்தூரில் உட்கார்ந்தேன். முகப்பு, பட்டாலை, வளவுப் பத்தி, இரண்டாங்கட்டு, மேல்மாடி. 912 படம். அதற்கென்று 128 ஜிபி கார்டு ஒன்றை 450 ரூபாய்க்கு வாங்கியிருந்தேன், மற்ற கடைகளில் சொன்ன விலையில் பாதிகூட இல்லை. வீட்டுக்கு வந்து கணினியில் போட்டால் முதல் 640 படம் திறக்கிறது. மீதிக்குப் பெயர் இருக்கிறது, படம் இல்லை. கார்டு போலி. உள்ளே சில ஜிபிதான் இருக்கும், 128 என்று கணினியிடம் பொய் சொல்லும்படி செய்து விற்கிறார்கள். நிரம்பிய பிறகும் அது எழுதுவதுபோல் நடிக்கும். போன படங்களில் இரண்டாங்கட்டு ஊஞ்சல் இருந்தது. திரும்பப் போய் எடுக்கலாம் என்று இருந்தேன். அதற்குள் அந்தப் பங்குக்காரர்கள் ஊஞ்சலை இறக்கிக் கொண்டுபோய்விட்டார்கள். சங்கிலி மாட்டிய கொக்கி மட்டும் உத்தரத்தில் இருக்கிறது. இந்தக் கதையில் காசாகக் கணக்கில் ஏறாதது அது ஒன்றுதான், அதிகம் வலிப்பதும் அதுதான்.

கார்டு வாங்கினால் முதல் வேலையாகக் கணினியில் இருக்கும் ஏதாவது சினிமாக் கோப்புகளைப் போட்டு விளிம்பு வரை நிரப்பி, திரும்ப எடுத்து ஓட்டிப் பாருங்கள். எல்லாம் ஓடினால்தான் அது கார்டு. பிறகு கேமராவுக்குள்ளேயே வைத்து ஃபார்மட் செய்துகொள்ளுங்கள். பெரிய கார்டு ஒன்றைவிடச் சின்னக் கார்டு இரண்டு நல்லது. மிகப் பழைய கேமராவாக இருந்தால் 2 ஜிபிக்கு மேல் கார்டைப் படிக்காமலும் போகலாம், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அன்றன்று எடுத்ததை அன்றன்றே இறக்கிவிடுங்கள், நாலு நாள் சேர்க்காதீர்கள்.

அந்த டிஎஸ்எல்ஆரைக் காளான் இருப்பதைச் சொல்லியே 9,500க்கு விற்றேன். கணக்கை முடித்துவிடுவோம்: முதல் கேமரா 5,799, இரண்டாவதில் நஷ்டம் 7,000, கார்டு 450, மதுரைக்கு இரண்டு நடை பஸ், சாப்பாடு என்று 1,200. ஆக 14,449. முதல் கேமராவை வைத்துத் தங்கை மகன் இப்போது பூனையைப் படமெடுக்கிறான், பூனை நன்றாகத்தான் வருகிறது.

இந்த முறை தாளில் எழுதினேன். இடம் வளவு. நேரம் இரவு, நெய் விளக்கு. தூரம் நாலடி. ஆள் அசைவார். ஃப்ளாஷ் கூடாது. சத்தம் கூடாது. பிரிண்ட் 8க்கு 12. இதை எழுதியதுமே ஜூம் தேவையில்லை என்பது தெரிந்துவிட்டது. மெகாபிக்சல் 10 போதும், எஃப் 2 வேண்டும், சென்சார் சாதாரணச் சின்னக் கேமராக்களில் வரும் 1/2.3 அங்குல அளவைவிடக் கொஞ்சமாவது பெரியதாக இருந்தால் நல்லது. தேடினால் 2010, 2011 வாக்கில் வந்த சட்டைப்பைக் கேமராக்கள் சிலவற்றில் இதெல்லாம் இருந்தது. கேனான் எஸ்95, பானசோனிக் எல்எக்ஸ்5, ஒலிம்பஸ் எக்ஸ்இசட்-1. கையில் இன்னும் கொஞ்சம் காசு இருந்தால் 2012இல் வந்த சோனி ஆர்எக்ஸ்100, அதில் சென்சார் ஓர் அங்குல வகை. எல்லாம் இன்று பழைய பொருளாகத்தான் கிடைக்கும்.

மதுரையில் ஒரு கடையில் எஸ்95 ஒன்றுக்கு 8,500 சொன்னார்கள். வாங்குவதா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, ஒரு கல்யாண வீட்டில் தேவகோட்டைப் பங்காளி வீட்டுத் தம்பியிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். "அண்ணே, அந்தப் பேருல ஒண்ணு எங்க வீட்டு பீரோவுல கெடக்குமே. சிங்கப்பூர்ல இருந்தப்ப வாங்குனது" என்றான். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நம் ஊரில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் எத்தனை, வெளிநாட்டிலிருந்து வந்து பீரோவில் தூங்கும் சாமான் எத்தனை! காசை எடுப்பதற்கு முன்னால் சொந்தபந்தத்தில் நாலு பேரிடம் வாய்விட்டுக் கேட்டுப் பாருங்கள். கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. கூச்சத்தின் விலை என்னவென்றுதான் மேலே கணக்குப் போட்டுவிட்டேனே.

ஓசியில் வந்தாலும் சோதிக்காமல் விடவில்லை. டார்ச் அடித்தேன், சுத்தம். லென்ஸ் வெளியே வந்து உள்ளே போவதை இருபது முறை செய்து பார்த்தேன், இந்த மாதிரிக் கேமராக்களில் முதலில் சிக்கிக்கொள்வது அதுதான். வெள்ளைச் சுவரை எடுத்து, கறுப்புப் புள்ளி ஏதும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பார்த்தேன். எல்லாப் பொத்தானையும் அழுத்தினேன். பேட்டரி மட்டும் செத்திருந்தது. வருஷக்கணக்கில் சார்ஜ் இல்லாமல் கிடந்தால் அப்படித்தான் ஆகும். நல்லவேளை, உப்பவில்லை, உப்பினால் வெளியே எடுக்கவே வராது. புதுசு 850 ரூபாய். பழைய கேமரா வாங்கும் முன் அதன் பேட்டரி இன்னும் கடையில் கிடைக்கிறதா என்று பார்ப்பதும் ஒரு வேலை. தேதியும் மறந்துபோயிருந்தது, அதைச் சரிசெய்யாவிட்டால் பின்னால் எந்த நோன்பு எந்தப் படம் என்று குழம்பும். தம்பி காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டான். ஆத்தா ஒரு டின் சீப்புச்சீடை கொடுத்தனுப்பினாள்.

நோன்புக்கு முன்னால் பத்து நாள், ஆத்தாவைச் சாமி அறையில் உட்காரவைத்து ஒற்றை விளக்கில் பழகினேன். கேமராவை வாங்கியவர்கள் எல்லோரும் தவறவிடுவது இதைத்தான் என்று நினைக்கிறேன். ஜூமைத் தொடவில்லை, இந்தக் கேமராவும் இழுத்தால் 4.9க்கு இறங்கிவிடும். எஃப் 2, ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) 1600, ஃப்ளாஷ் அணைத்தது, பொத்தான் சத்தம் அணைத்தது. குறிபார்க்க முன்னால் ஓர் ஆரஞ்சு வெளிச்சம் அடிக்கும், அதையும் மெனுவில் தேடி அணைத்தேன். சுடர் வெளுத்துப்போகாமல் இருக்க வெளிச்ச அளவை இரண்டு படி கீழே தள்ளினேன். முழங்கையைத் தூணில் அழுத்தி நின்றால் கை ஆட்டம் பாதி குறைகிறது. தேக்குத் தூண் அதற்கும் உதவும்.

மூன்றாவது நோன்பில் அப்பச்சி இழையைக் கையில் எடுத்து வாய்க்கருகே கொண்டுபோன அந்த இடத்தில் ஏழு படம் எடுத்தேன். ஐந்து கலங்கல். ஒன்றில் கண் மூடியிருந்தார். ஒன்று வந்தது. இருட்டான இடங்களில் மணல் தூவியது மாதிரிப் புள்ளி இருக்கிறது, ஆனாலும் சுடர் சுடராக இருக்கிறது, அப்பச்சியின் மூக்குக்கண்ணாடிச் சட்டத்தில் அதன் பிம்பம்கூடத் தெரிகிறது. படத்தின் அகலம் 3648 புள்ளி, 12 அங்குலத்துக்குப் பிரித்தால் அங்குலத்துக்கு 304. கணக்கு இடிக்கவில்லை.

பிரிண்ட்டைக் கையில் வாங்கிய அப்பச்சி ரொம்ப நேரம் பார்த்தார். தன் முகத்தைப் பார்க்கவில்லை. பின்னால் மங்கலாகத் தெரிந்த பித்தளைக் குத்துவிளக்கைக் காட்டி, "இது யாரு பங்குக்குப் போவுது?" என்றார். அப்புறம், சாமான் ரூமைத் திறந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் எடுத்து நம்பர் போட்டு வை, பங்கு பிரிக்கும்போது சண்டை வராது என்று சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குள், முற்றத்து வெயில் சாய்வாக விழும்போது போய் எடுக்கிறேன். இதுவரை 212 சாமான் ஆகியிருக்கிறது. கொப்பரை வரிசையை இன்னும் தொடவில்லை.